இருவர் படகு – 17: இரவல் பாய்

சென்ற வாரம் இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் நின்றோம். 1996-இல் அங்கே நடந்த சோதனைப் பந்தயங்களில் மற்ற படகுகளை ஓரங்கட்டிவிட்டு, ஆஸ்திரேலியரான ஜூலியன் பெத்வெய்ட் வடிவமைத்த ஃபார்ட்டிநைனர் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. 2000-இல் சிட்னியில் பின்லாந்தின் தாமஸ் யோஹான்சன், யூர்கி யார்வி இணை முதல் தங்கத்தை வென்றது. 2004-இல் ஏதென்ஸில் ஸ்பெயினின் இக்கர் மார்ட்டினெஸ், ஷாபி ஃபெர்னாண்டஸ் இணை. இரண்டு ஒலிம்பிக்கிலும் ஜெயித்தவர்களைப் பற்றித்தான் பேச்சு இருந்தது.

மூன்றாவது ஒலிம்பிக்கில் தோற்றவர்களின் படகைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

* * *

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், மஞ்சள் கடலோரம் இருக்கிறது சிங்தாவ் நகரம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகளை அங்கே நடத்துவது என்று அறிவித்ததுமே வீரர்கள் முகம் சுளித்தார்கள். காரணம், ஆகஸ்ட் மாதத்தில் அந்தக் கடலில் காற்று இருக்காது என்பதே. இருந்தாலும் நோஞ்சான் காற்றாக இருக்கும். அடியில் நீரோட்டம் வேறு இழுக்கும்.

போதாக்குறைக்கு, போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் விரிகுடா முழுவதும் பச்சைப் பாசி பிடித்துக்கொண்டது. ராணுவத்தினர், மீனவர்கள், ஊர் மக்கள் என்று ஆயிரக்கணக்கானோரை இறக்கிப் பாசியை வாரிக் கரையில் கொட்டினார்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், படகுப் பந்தயம் நடக்கப்போவது கடலிலா புல்வெளியிலா என்று கிண்டல் செய்தார்கள்.

மெல்லிய காற்றில் கனமான ஆள் படகுக்குச் சுமை. ஆகவே உலகின் பல அணிகள் எடையைக் குறைத்துக்கொண்டு வந்து இறங்கின. இளம் காற்றுக்கு ஏற்ற பாய், இளம் காற்றுக்கு ஏற்ற உடம்பு, இளம் காற்றுக்கு ஏற்ற திட்டம்.

ஆகஸ்ட் 17 அன்று காற்று வெளுத்து வாங்கியது.

* * *

அந்தக் காற்றில் நடந்ததைப் புரிந்துகொள்ள, ஃபார்ட்டிநைனரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

நீளம் ஐந்து மீட்டருக்கு ஒரு நூல் குறைவு, 4.99 மீட்டர். பெயரே அங்கிருந்து வந்ததுதான். உடற்பகுதி ஒல்லியானது, தட்டையானது. இருபுறமும் இறக்கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சேர்த்து அளந்தால் அகலம் 2.9 மீட்டர். உடற்பகுதியின் எடை 94 கிலோ. அதில் ஏறும் இரண்டு பேரின் எடை அதைவிட அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படகில் ஆட்கள் பயணிகள் அல்லர், எடைக்கற்கள்.

பாய்களின் கணக்கு இன்னும் மிரட்டும். காற்றை எதிர்த்துப் போகும்போது பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து சுமார் 21 சதுர மீட்டர். ஏறக்குறைய இதே நீளமுள்ள 470 என்ற பழைய ஒலிம்பிக் படகுக்கு அது சுமார் 13 சதுர மீட்டர்தான். காற்றோடு திரும்பியதும் ஃபார்ட்டிநைனர் ஸ்பின்னேக்கர் என்ற பெரிய வண்ணப் பாயையும் விரிக்கும். அது மட்டுமே 38 சதுர மீட்டர்.

இவ்வளவு துணியைச் சுமந்துகொண்டு படகு ஏன் உடனே சாய்ந்துவிடுவதில்லை? பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து இறங்கும் கம்பியில் இடுப்பைக் கொக்கியிட்டு, இரண்டு பேரும் இறக்கையின் விளிம்பில் கால் ஊன்றி, முதுகு தண்ணீரை ஒட்டும்படி வெளியே சாய்ந்து நிற்கிறார்கள். இதுதான் ட்ரபீஸ். 1938-இல் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் லோஸ்டாஃப்டில் இதைக் காட்டிக் கோப்பையை வென்றதையும், உடனே அதற்குத் தடை விழுந்ததையும் இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அன்று ஒருவர் தொங்கியதற்கே அத்தனை கூச்சல். இங்கே சுக்கான் பிடிப்பவரும் சேர்ந்து தொங்குகிறார்!

வேலைப் பிரிவினையும் தலைகீழாகிவிட்டது. பழைய படகுகளில் பெரிய பாயின் கயிறு சுக்கான்காரர் கையில் இருக்கும். ஃபார்ட்டிநைனரில் காற்றை எதிர்த்துப் போகும்போது அந்தக் கயிற்றை முன்னால் நிற்பவர் பிடிக்கிறார். காற்று திடீரென்று ஓங்கினால் அவர் ஒரு சாண் கயிறு விட வேண்டும், தணிந்தால் இழுக்க வேண்டும். இது ஓய்வில்லாத வேலை. பின்னால் இருப்பவர் அலையையும் காற்றையும் பார்த்துத் திசை பிடிக்கிறார். இருவருக்கும் இடையே பேச நேரம் இருப்பதில்லை. ஒருவர் கை அசைவை மற்றவர் உடம்பால் உணர்ந்தாக வேண்டும்.

ஓடும்வரை இது நிற்கும், நின்றால் விழும். சைக்கிளைப் போல.

வடிவமைப்பாளரின் தந்தை ஃபிராங்க் பெத்வெய்ட் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய நியூசிலாந்துக்காரர். பிறகு ஆஸ்திரேலிய ஒலிம்பிக் படகு அணிக்கு வானிலை ஆலோசகராக இருந்தார். காற்று ஓங்கும்போது பாய்மரத்தின் நுனி தானாக வளைந்து, பாயின் மேற்பகுதி திறந்து, வேண்டாத காற்றைக் கழித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. மகன் அதைப் படகாக்கினார். சிட்னி துறைமுகத்தில் மூன்று பேர் ஓட்டும் 18 அடிப் படகுகளில் ஆண்டுக்கணக்கில் விழுந்து எழுந்து கற்றதை, இரண்டு பேர் ஓட்டுகிற அளவுக்குச் சுருக்கினார்.

2008-இல் அந்தப் பாய்மரத்தின் கீழ்ப்பகுதி அலுமினியம். நுனி மட்டும்தான் வளையும் இழைக்கலவை. முழுக்கக் கார்பன் இழையாலான மரம் வந்தது அடுத்த ஆண்டில்தான். சிங்தாவுக்கு அது ஓராண்டு தாமதம்.

* * *

டென்மார்க்கின் யோனாஸ் வாரர் சுக்கான் பிடித்தார். மார்ட்டின் கிர்க்கெடார்ப் அவருக்கு முன்னால் நின்றார். தொடர் பந்தயங்கள் முடிந்தபோது புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் இவர்கள்தான். அவர்களைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியாவின் நேத்தன் அவுட்டரிட்ஜ், பென் ஆஸ்டின். இத்தாலியின் சிபெல்லோ சகோதரர்கள். நடப்புச் சாம்பியன்களான ஸ்பெயின்காரர்கள். ஜெர்மனியின் பெக்கோல்ட் சகோதரர்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்தயம். அதற்குப் 'பதக்கப் பந்தயம்' என்று பெயர். ஒலிம்பிக்கில் அது அறிமுகமானதும் சிங்தாவில்தான். முன்பெல்லாம் முன்னணியில் இருப்பவர் கடைசி நாளில் கரையில் உட்கார்ந்துகொண்டே தங்கத்தை வெல்ல முடிந்தது. தொலைக்காட்சிக்கு அது சப்பென்று இருந்தது. ஆகவே முதல் பத்து இடங்களில் உள்ளவர்களை மட்டும் வைத்து ஒரு குறும்பந்தயம், அதற்கு இரட்டிப்புப் புள்ளி என்று விதியை மாற்றினார்கள். முதலிடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 4 என்று ஏறிக்கொண்டே போகும். குறைந்த புள்ளி எடுப்பவரே வெற்றியாளர். மோசமான பந்தயம் ஒன்றைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை இதற்குக் கிடையாது. தொடங்காமலே போனால் 22 புள்ளி தலையில் விழும்.

கடைசி நிமிடம்வரை யாருக்கும் எதுவும் உறுதியில்லை என்ற நிலையை வேண்டுமென்றே உருவாக்கினார்கள். விதியை எழுதியவர்கள் கேட்டதற்கு மேலேயே கடல் கொடுத்தது.

* * *

பந்தயத் திடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். குறுகலாக, செங்குத்தாக எழும் அலைகள். இப்படிப்பட்ட அலைதான் ஃபார்ட்டிநைனருக்கு எமன். நீண்ட அலை என்றால் ஏறி இறங்கிவிடும். குட்டை அலையில் படகின் முன்முனையான அணியம் முன்னால் இருக்கும் அலையின் முதுகில் குத்திக்கொள்ளும். படகு சட்டென்று நிற்கும், பாய்க்குள் இருக்கும் காற்று நிற்காது. அந்த விசை முழுவதும் பாய்மரத்தின் மேல் இறங்கும்.

டென்மார்க்கின் பாய்மரம் ஒடிந்தது.

தொடக்கக் கொடி ஏறுவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நாலு வருஷ உழைப்பு, பட்டியலில் முதலிடம், கையெட்டும் தூரத்தில் தங்கம். எல்லாம் ஒடிந்த அலுமினியக் குழாயாகத் தண்ணீரில் தொங்கியது.

புது மரம் நட்டு, பக்கக் கம்பிகளை முறுக்கி, குறுக்குக் கைகளைச் சரிபார்த்து, மூன்று பாய்களுக்கும் கயிறு கோப்பதெல்லாம் அவசரத்தில் முடிகிற காரியம் இல்லை. நிதானமாகச் செய்தால் காலைப் பொழுதில் பாதி போய்விடும். ஒடிந்த மரத்தோடு துறைமுகத்துக்குத் திரும்பிய டென்மார்க் அணிக்கு ஒரே வழிதான் இருந்தது. முழுசாக நிற்கும் இன்னொரு படகு வேண்டும்.

குரோஷியாவின் பாவ்லே கோஸ்டோவ், பெட்டார் சுபாச் இணை முதல் பத்துக்குள் வரவில்லை. அவர்களுக்கு ஒலிம்பிக் முடிந்துவிட்டது. படகு கரையில் இருந்தது. பயிற்சியாளர் இவான் புலாயாவும் அங்கே இருந்தார்.

கேட்டார்கள். கொடுத்தார்கள்.

இந்த இரண்டு சொல்லுக்குள் கதையை முடித்துவிடப் பலருக்கு ஆசை. விளையாட்டு மனப்பான்மை, பெருந்தன்மை என்று எழுதித் தள்ளினார்கள். பெருந்தன்மை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருந்தன்மை மட்டும் இருந்திருந்தால் டென்மார்க்குக்கு அன்று ஒரு பயனும் இருந்திருக்காது.

* * *

நாற்பது ஆண்டு பின்னால் போவோம். 1968, மெக்சிகோ ஒலிம்பிக். இரண்டு பேர் ஓட்டும் வேகப்படகு என்றால் அன்று ஃப்ளையிங் டச்மேன்தான். ஆறு மீட்டருக்கும் சற்றே கூடுதலான நீளம். அதில் தங்கம் வென்ற பிரிட்டனின் ராட்னி பாட்டிசன், படகை இழைத்து இழைத்துச் செதுக்கியவர் என்று பெயர் எடுத்தவர். எந்தக் கப்பி எங்கே, எந்தக் கயிறு எவ்வளவு தடிமன் என்று ஒவ்வொன்றும் அவர் முடிவு. 1972-இல் இன்னொரு படகில் மீண்டும் தங்கம். ஃப்ளையிங் டச்மேனில் ஆளும் படகும் சேர்ந்துதான் வென்றார்கள். யாராவது அவர் படகைக் கடன் வாங்கியிருந்தால் எந்தக் கயிறு எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் பந்தயம் முடிந்திருக்கும்.

பெத்வெய்ட் அந்த உலகத்துக்கு எதிர்த்திசையில் போனார். ஃபார்ட்டிநைனர் அச்சு வார்த்த படகு. பிரிட்டனில் ஓவிங்டன், நியூசிலாந்தில் மக்காய், ஆஸ்திரேலியாவில் பெத்வெய்ட் நிறுவனம் என்று உரிமம் பெற்ற சிலரே கட்டலாம். வடிவம், எடை, பாய்மரம், பாய் எல்லாம் ஒன்றே. இதை ஏற்காத கைவினைஞர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். படகில் மூளையைக் காட்ட இடமே இல்லையே என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. பாட்டிசன் போன்ற ஒருவர் ஃபார்ட்டிநைனரில் பாதி ஆளாகத்தான் இருந்திருப்பார்.

ஆனால் டென்மார்க்குக்குத் தேவைப்பட்டதும் அதுதான். யாருடையதாக இருந்தாலும் தங்களுடையதைப் போலவே இருக்கிற படகு. பட்டாளத்துச் சட்டை மாதிரி எல்லாருக்கும் ஒரே தையல் என்று ஏளனம் செய்யப்பட்ட அந்தக் கொள்கைதான் குரோஷியாவின் படகை டென்மார்க்கின் படகாக மாற்றியது. சென்னையில் பாய் விரித்துப் பழகிய வருண் தக்கரும் கே.சி. கணபதியும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்வரை போனதும் இதே படகில்தான். பழைய வகைப் படகாக இருந்தால், பணக்கார நாடுகளின் படகுப் பட்டறைகளோடு போட்டி போட்டுத்தான் அங்கே போயிருக்க முடியும்.

ஒரே அச்சு என்றாலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கவே செய்யும். கம்பியின் இறுக்கம், ட்ரபீஸ் கொக்கியின் உயரம், கயிற்றில் பிடிக்காகப் போட்ட குறி ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். இருட்டிலும் கை போகும் இடத்தில் கயிறு இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு, ஒரு கை அகலம் தள்ளி இருந்தாலும் தடுமாற்றம்தான். வாரருக்கும் கிர்க்கெடார்ப்புக்கும் பழகிப் பார்க்க நேரம் இல்லை. பழகும் இடமும் பந்தயத் திடலேதான்.

* * *

மற்ற ஒன்பது படகுகளும் புறப்பட்டுவிட்டன.

பதக்கப் பந்தயத்தில் தாமதமாக வருபவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் நான்கு நிமிடம். அதற்குள் தொடக்கக் கோட்டைத் தாண்டாவிட்டால் தொடங்கவே இல்லை என்று பொருள். 22 புள்ளி.

துறைமுகத்திலிருந்து ஒரு படகு காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. பாயில் குரோஷியாவின் எழுத்துகள். மடித்து வைத்திருந்த ஸ்பின்னேக்கரில் குரோஷியாவின் கொடி. பந்தயத்திலேயே இல்லாத நாட்டின் படகு ஏன் இங்கே வருகிறது என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். நான்கு நிமிடம் முடியச் சில நொடிகள் இருந்தபோது அது கோட்டைத் தாண்டியது.

கடைசி இடம். முன்னால் ஒன்பது படகுகள். ஆனால் முன்னால் போனவர்களுக்கு அன்று பெரிய எதிரி டென்மார்க் இல்லை.

ஃபார்ட்டிநைனர் பந்தயத்தில் ஒரு கணம் உண்டு. காற்றை எதிர்த்து ஏறி, மேல் மிதவையை அடைந்து, காற்றோடு திரும்பும் கணம். எதிர்க்காற்றில் போகும்போது விசை பக்கவாட்டில் இருக்கும். இரண்டு உடம்புகள் அதைத் தாங்கும். காற்றோடு நேராகப் போகும்போது விசை முன்னோக்கி, அதுவும் சமாளிக்கத்தக்கதே. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. பாய் முழு பலத்தோடு இழுக்கும். அணியம் கீழே அழுத்தப்படும். இரண்டு பேரும் பின்னோக்கி ஓடி, பின்முனையான அமரத்தின் மூலையில் போய்த் தொங்கினால்தான் மூக்கு மேலே நிற்கும். மெதுவாகத் திருப்பினால் அந்தக் கோணத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். வேகமாகத் திருப்பினால் அலையில் குத்தும். கயிறு விடுபவரும் சுக்கான் திருப்புபவரும் அரை நொடி பிசகினால் படகு தலைகுப்புறப் போகும், ஆட்கள் கம்பியோடு முன்னால் வீசப்படுவார்கள்.

அன்று சிங்தாவில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. கவிழ்ந்ததை நிமிர்த்தி, மறுபடி விரித்து, மறுபடி கவிழ்ந்தார்கள். உலகின் தலைசிறந்த இணைகள், முதல் வாரம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் போலத் தண்ணீரில் தத்தளித்தார்கள். இளம் காற்றுக்காக எடை குறைத்துக்கொண்டு வந்தவர்களை அந்தக் காற்று சோதித்துப் பார்த்தது.

அவுட்டரிட்ஜும் ஆஸ்டினும் பதக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இறுதிக் கோடு எதிரில் தெரிந்தது. அங்கே அவர்கள் படகு கவிழ்ந்தது. ஐந்தாம் இடம். (நான்கு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் அவுட்டரிட்ஜ் இதே படகில் தங்கம் வென்றார் என்பது வேறு கதை.) சிபெல்லோ சகோதரர்களையும் கடல் விட்டுவைக்கவில்லை.

இரவல் படகில் வந்தவர்கள் யாரையும் துரத்தவில்லை. முன்னால் இருப்பவர்கள் விழ விழ, இவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஏழாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். 14 புள்ளி.

22-க்கும் 14-க்கும் இடையே எட்டுப் புள்ளி. அந்த எட்டுக்குள்தான் தங்கம் இருந்தது. கூட்டிப் பார்த்தபோது டென்மார்க் முதலிடம், ஸ்பெயின் இரண்டாம் இடம், ஜெர்மனி மூன்றாம் இடம், இத்தாலி நான்காம் இடம்.

* * *

கரையில் கொண்டாட்டம் தொடங்கியபோதே முணுமுணுப்பும் தொடங்கியது.

ஒலிம்பிக்குக்கு வரும் ஒவ்வொரு படகும் அளக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, இன்ன அணிக்கு இன்ன படகு என்று குறிக்கப்படுகிறது. சேதமானால் மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். டென்மார்க் அணி படகை மாற்றிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்த வேகத்தில் அந்த ஒப்புதலுக்கான வரிசையில் யார் நின்றார்கள்? முன் அனுமதி இல்லாமல் ஓட்டிய பந்தயம் செல்லுமா?

கணக்கை இன்னொரு முறை பாருங்கள். டென்மார்க்கின் பெயரை அடித்துவிட்டால் ஸ்பெயினுக்குத் தங்கம். நான்காம் இடத்தில் நிற்கும் இத்தாலிக்கு வெண்கலம். இரண்டு நாடுகளும் சும்மா இருக்கவில்லை. குறுக்கு வழியில் பதக்கம் தேடினார்கள் என்று அவர்களைச் சொல்வது சுலபம். ஆனால் விதி எழுதப்பட்டிருக்கிறது, எழுதியபடி நடக்கவில்லை என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஒடிந்த மரத்துக்கு இரக்கப்பட்டு விதியை வளைத்தால், இறுதிக் கோட்டருகே கவிழ்ந்தவர்களுக்கு யார் இரக்கப்படுவது?

டென்மார்க் தரப்பின் வாதமோ படகின் அச்சிலேயே இருந்தது. இரவல் படகும் அதே போட்டிக்காக அளக்கப்பட்ட ஃபார்ட்டிநைனர்தான். அதில் ஏறியதால் இவர்களுக்கு ஒரு குண்டுமணி லாபமும் இல்லை, நஷ்டம்தான் உண்டு. அப்படியிருக்க எந்த நியாயம் கெட்டது?

விவகாரம் சர்வதேச நடுவர் குழுவின் மேசைக்குப் போனது. அங்கேயும் தீராமல் விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் கதவையும் தட்டியது. ஒரே அச்சில் வார்த்த படகு என்ற வடிவமைப்புக் கொள்கை, வழக்காடு மன்றத்தில் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அனுமதி கேட்க நேரம் இல்லை என்பதை நடுவர்கள் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்களா?

(தொடரும்)